ஏழு இலக்க எண்ணொன்றைக் கையால் பிரிப்பது எப்படி?

கல்லடியில் எங்கள் வீட்டு மதிலை உயர்த்துவதற்குச் சீமெந்து வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்று இரண்டு வாரமாக மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. அதன் மூலையில் சிவப்பு மையில் 4530456 என்று தொடர் இலக்கம். ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டது; தொலைபேசியிலும் மின்னேற்றம் தீர்ந்திருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்காவின் மகள் பயிற்சிப் புத்தகத்தை மூடிவிட்டு, "மாமா, இந்த எண்ணுக்குக் காரணி காண முடியுமா?" என்று அந்தச் சீட்டைத் தட்டிக் காட்டினாள். பயிற்சிகளில் வருகிற 72, 180, 540 எல்லாம் நல்ல பிள்ளைகள், தொட்டவுடன் பிரிந்துவிடும். கடையின் அச்சுப்பொறி துப்பிய எண்ணுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது.

மெழுகுதிரி வெளிச்சத்தில் அன்று நாங்கள் செய்ததை, நான் விட்ட பிழை உட்பட, வரிசையாக எழுதுகிறேன். பெரிய எண்ணைக் கண்டதும் பயப்படுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுவதால், தெரிந்தவர்கள் சில இடங்களைத் தாண்டிப் போகலாம். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி, பென்சில், 12ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடம், இவை போதும். கல்குலேட்டர் இருந்தால் இப்போதைக்கு அலுமாரிக்குள் வையுங்கள். அது கையில் இருந்தால் விரல் உடனே வகுக்கத் தொடங்கிவிடும்; கண் எண்ணைப் பார்ப்பதே இல்லை.

தொடங்குமுன் சில சொற்கள். ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பது அதன் காரணி. மருதமுனையில் கட்டம் போட்ட சாரம் நெய்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், 2400 இழை என்று வைத்துக்கொள்வோம். கட்டத்துக்கு 48 இழை என்றால் 50 கட்டம் வந்து ஓரம் சுத்தமாக முடியும். 52 இழை வைத்தால் 46 கட்டம் முடிந்து 8 இழை அநாதையாக நிற்கும். அந்த 8தான் மீதி. 48 காரணி, 52 காரணியல்ல.

1இலும் பெரியதாக இருந்து, 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாதது முதன்மை எண். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பகா எண் என்று சொல்வதும் இதைத்தான். மற்றவை சேர்த்தி எண்கள். 1 இரண்டு பக்கமும் சேராது. எந்தச் சேர்த்தி எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக எழுதலாம். வரிசையை மாற்றலாமே தவிர, வேறொரு பிரிவு அதற்குக் கிடையாது. கிரேக்கக் கணிதர் யூக்கிளிட் காலத்திலேயே இதன் அடித்தளம் இருந்தது; 1801இல் ஜெர்மன் கணிதர் கௌஸ் ஐயமற நிறுவினார். ஆகவே வேலையை ஒரு தடவை சரியாக முடித்தால் போதும். நீங்கள் வேறு வழியாகப் போனாலும் நான் வேறு வழியாகப் போனாலும் ஒரே இடத்தில்தான் சந்திப்போம்.

முதற்படி: மூன்று மூன்றாக வெட்டுங்கள்

வலப்பக்கத்திலிருந்து மூன்று இலக்கத்துக்கு ஓர் இடைவெளி விடுங்கள்: 4 530 456. வாயால் சொல்லும்போது நாற்பத்தைந்து இலட்சத்து முப்பதாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு. காசைப் பற்றிப் பேசும்போது இலட்சத்தில் பேசுகிறோம். வங்கிச் சீட்டில் காற்புள்ளி விழுவதோ மூன்று இலக்கத்துக்கு ஒன்று. இந்த வேலைக்கு வங்கியின் வெட்டே நமக்கு வேண்டும். காரணம் மூன்றாம், நான்காம் படிகளில் தெரியும்.

அடுத்து வர்க்கமூலத்தைக் குத்துமதிப்பாகப் பாருங்கள். 2000இன் வர்க்கம் 40 இலட்சம். 2200இன் வர்க்கம் 48 இலட்சத்து 40 ஆயிரம். ஆகவே நம்முடைய எண்ணின் வர்க்கமூலம் 2100க்குச் சற்று மேலே. ஏன் இது தேவை? ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிகிறது என்றால் அவற்றில் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்டவே முடியாது. இரண்டும் தாண்டினால் பெருக்கம் எண்ணைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே எவ்வளவு மோசமான எண்ணானாலும் 2100ஐ அண்டிய இடத்தில் தேடலை நிறுத்திவிடலாம். 45 இலட்சம் வரை போக வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வாலைப் பாருங்கள்

கடைசி இலக்கம் 6, ஆகவே இரட்டை எண். பலர் இந்த இடத்திலேயே 2ஆல் வகுத்து, வந்த விடையை மீண்டும் 2ஆல் வகுத்துத் தாளை நிரப்புவார்கள். கொஞ்சம் பொறுங்கள். 100 என்பது 4இன் மடங்கு. ஆகவே 4ஆல் வகுபடுமா என்பதைக் கடைசி இரண்டு இலக்கங்களே சொல்லிவிடும். 56 = 4 × 14, வகுபடும். 1000 = 8 × 125; ஆகவே 8க்குக் கடைசி மூன்று இலக்கங்கள். 456 = 8 × 57, அதுவும் சரி. 10 000 = 16 × 625; 16க்குக் கடைசி நான்கு இலக்கங்கள், அதாவது 0456. 16 × 28 = 448, மீதி 8. வகுபடாது.

முடிவு: 2 என்ற காரணி மூன்று தடவை இருக்கிறது, நான்காவது தடவை இல்லை. இன்னும் ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை. கடைசி இலக்கம் 0 அல்லது 5 இல்லாததால் 5உம் கிடையாது.

மூன்றாம் படி: இலக்கங்களைக் கூட்டுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்

4 + 5 + 3 + 0 + 4 + 5 + 6 = 27. மறுபடியும் 2 + 7 = 9. கீழ்வகுப்பில் இலக்கச் சுட்டி என்று படித்தது இதுவே. 9 வந்ததால் எண் 9ஆல் வகுபடும். காரணம் எளியது: 10 = 9 + 1, 100 = 99 + 1, 1000 = 999 + 1. பத்து ரூபாய், நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய், எந்தத் தாளை எடுத்து ஒன்பது ஒன்பதாகப் பங்கு வைத்தாலும் ஒரு ரூபாய்தான் மிஞ்சும். ஆகவே எண் முழுவதையும் பங்கு வைத்தால் மிஞ்சுவது இலக்கங்களின் கூட்டுத்தொகையே.

என் தந்தையார் காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதியவர். பக்கக் கூட்டுத்தொகையை இப்படித்தான் சரிபார்ப்பார். உதடு மட்டும் அசையும். இந்த முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஓட்டை எங்கே என்பதைச் சற்று நேரத்தில் நானே விழுந்து காட்டப்போகிறேன்.

அதற்கு முன் இன்னொரு பொறி. கூட்டுத்தொகை 27 வந்ததும் மருமகள், "அப்படியானால் 27ஆலும் வகுபடும்" என்றாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 10ஐ 27ஆல் வகுத்தால் மீதி 1 இல்லை, 10. ஆகவே இலக்கங்களைக் கூட்டும் வித்தை 3க்கும் 9க்கும் மட்டுமே சொந்தம். 27க்கு வேறு வழி இருக்கிறது: 999 = 27 × 37. ஆயிரத்தை 27ஆல் வகுத்தாலும் 37ஆல் வகுத்தாலும் மீதி 1. எனவே மூன்று மூன்றாக வெட்டிய துண்டுகளைக் கூட்ட வேண்டும்: 4 + 530 + 456 = 990. 27 × 36 = 972, மீதி 18. வகுபடவில்லை. அதே 990ஐ 37ஆல் வகுத்தால் 26 தடவை போய் 28 மிஞ்சும். 37உம் வேலைக்காகாது. ஒரே கூட்டலில் இரண்டு கேள்விக்கு விடை.

ஆக, 3 என்ற காரணி இரண்டு தடவை மட்டும்.

நான்காம் படி: 1001 என்ற சாவி

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 7ஆல் வகுபடுவதற்குச் சுலபமான சோதனை கிடையாது என்று பள்ளியில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 7 × 11 × 13 = 1001 என்பதை நினைவில் வைத்தால் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் ஒரே வலையில் விழும். 1000 என்பது 1001இலும் ஒன்று குறைவு. ஆகவே துண்டுகளைக் கூட்டுவதற்குப் பதிலாக, வலப்பக்கத்திலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து, மறுபடி கூட்டி என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்:

456 − 530 + 4 = −70

கழித்தல் குறியைக் கண்டு தயங்க வேண்டாம். 70ஐப் பார்த்தால் போதும். 70, 7இன் மடங்கு. 11இன் மடங்கும் அல்ல, 13இன் மடங்கும் அல்ல. எனவே நம்முடைய எண் 7ஆல் வகுபடும், 11ஆலும் 13ஆலும் வகுபடாது. ஏழு இலக்க எண்ணைப் பற்றிய மூன்று கேள்விகள், ஒரு கூட்டல் ஒரு கழித்தலில் தீர்ந்துவிட்டன.

ஐந்தாம் படி: இப்போது வகுக்கலாம்

8, 9, 7 மூன்றும் வகுக்கும் என்று தெரிந்துவிட்டது. நான் பென்சிலை வாங்கி 4530456ஐ 8ஆல் வகுத்து 56637 என்று எழுதினேன். அதை 9ஆல் வகுக்க 6293. அதை 7ஆல் வகுக்க 899. எல்லாம் மீதியின்றி வழுக்கிக்கொண்டு போயின. 899ஐப் பார்த்ததும் மகிழ்ச்சி தாங்கவில்லை: 900இல் ஒன்று குறைவு, அதாவது 30² − 1², ஆகவே 29 × 31. இரண்டும் முதன்மை எண்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

அவள் ஒன்றும் பேசாமல் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, விடையைத் திரும்பப் பெருக்கினாள். 8 × 9 × 7 = 504. 504 × 899 = 453 096. "மாமா, நாற்பத்தைந்து இலட்சம் எங்கே, நாலரை இலட்சம் எங்கே?"

பிழை முதல் வகுத்தலிலேயே இருந்தது. 45இல் 8 ஐந்து தடவை, மீதி 5. 53இல் ஆறு தடவை, மீதி 5. 50இல் ஆறு தடவை, மீதி 2. 24இல் மூன்று தடவை, மீதி இல்லை. அடுத்து இறங்குவது 5. அதில் 8 போகாது. அங்கே ஒரு 0 எழுதிவிட்டுத்தான் 56க்குப் போக வேண்டும். நான் பூச்சியத்தை விழுங்கிவிட்டேன். சரியான ஈவு 566 307.

இதில் கவனிக்க வேண்டியது என்னுடைய கவனக்குறைவைவிட, அந்தப் பிழை எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிந்துகொண்டது என்பதுதான். 566307இன் இலக்கங்களைக் கூட்டினால் 27. 56637இன் இலக்கங்களைக் கூட்டினாலும் 27. பூச்சியம் விழுந்தால் ஒன்பதுச் சோதனைக்குத் தெரியாது. தந்தையாருக்குத் தெரிந்த ஓட்டை இதுவே. 7ஆல் வகுபடுவதும் தற்செயலாக இரண்டுக்கும் பொருந்திவிட்டது. எல்லாக் காவலரையும் தாண்டிவந்த திருடனை அளவு ஒன்றுதான் பிடித்தது. 45 இலட்சத்தை 8ஆல் வகுத்தால் ஐந்தரை இலட்சத்துக்கு மேல் வர வேண்டும். ஐம்பத்தாறாயிரம் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வகுத்தலுக்கு முன்பும் விடை எத்தனை இலக்கத்தில் வரும் என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் முழுவதையும் திரும்பப் பெருக்குங்கள். வேறொருவர் பெருக்கினால் இன்னும் நல்லது.

சரியான வழி இது:

4 530 456 ÷ 8 = 566 307
566 307 ÷ 9 = 62 923
62 923 ÷ 7 = 8989

ஆறாம் படி: மிஞ்சியதோடு மல்லுக்கட்டுதல்

இப்போது கையில் 8989. அதன் வர்க்கமூலம் 95க்குச் சற்றுக் குறைவு. எனவே 95 வரையுள்ள முதன்மை எண்களால் மட்டும் சோதித்தால் போதும். அந்தப் பட்டியலை எராத்தோஸ்தனிஸின் சல்லடையால் எடுக்கலாம்: 2 முதல் 95 வரை எழுதி, 2ஐ விட்டு அதன் மடங்குகளை வெட்டி, பிறகு 3, 5, 7 என்று அப்படியே செய்தால் வெட்டுப்படாமல் 24 எண்கள் நிற்கும். அவற்றில் 5, 11, 13, 37 நாம் ஏற்கெனவே தள்ளிவிட்டவை. பெரிய எண்ணை வகுக்காதது அதன் காரணியையும் வகுக்காது. 2உம் 3உம் இருந்த தடவை எல்லாம் எடுத்தாயிற்று. 7ஐ மட்டும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இன்னொரு தடவை வரலாம். 7 × 1284 = 8988, மீதி 1, ஆகவே 7உம் இல்லை.

மிஞ்சுவது 17 தொடங்கி 89 வரை, 37 நீங்கலாக, 17 முதன்மை எண்கள். 17க்கு மீதி 13, 19க்கு மீதி 2, 23க்கு மீதி 19 என்று ஒவ்வொன்றாகப் போகலாம். பொறுமை இருந்தால் நிச்சயம் விடை வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஃபெர்மாவின் வழி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த பியேர் டி ஃபெர்மாவுக்குக் கணிதம் பொழுதுபோக்கு. அவருடைய யோசனை: ஓர் ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் கையில் விழும், ஏனென்றால் a² − b² = (a − b)(a + b). ஆங்கில எழுத்து வேண்டாதவர்கள் 30² − 1² = 29 × 31 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்; நான் பிழையாகப் போன வழியில் பயன்பட்டதும் அதே வித்தைதான்.

செய்முறை: வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை எடுங்கள். இங்கே 95. அதன் வர்க்கம் 9025. அதிலிருந்து 8989ஐக் கழித்தால் 36. அது 6இன் வர்க்கம்! முதல் முயற்சியிலேயே விழுந்துவிட்டது. 95 − 6 = 89, 95 + 6 = 101. எனவே 8989 = 89 × 101. இரண்டும் முதன்மை எண்கள்.

இதையெல்லாம் நான் கொப்பியில் விளக்கிக்கொண்டிருந்தபோது மருமகள் சலிப்போடு சொன்னாள்: "மாமா, 89ஐ இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 8989. நூறு எண்பத்தொன்பதும் இன்னோர் எண்பத்தொன்பதும். 101 தடவை 89." சல்லடையும் வேண்டாம், ஃபெர்மாவும் வேண்டாம். நான் எண்ணை வகுக்கப் போனேன். அவள் எண்ணைப் பார்த்தாள். அன்றிலிருந்து நான் எந்த எண்ணை எடுத்தாலும் பென்சிலைத் தொடாமல் ஒரு நிமிடம் அதை வெறுமனே பார்க்கிறேன்: ஏதாவது இரட்டிக்கிறதா, வட்டமான எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறதா, வர்க்கம் ஒன்றுக்கு அருகில் இருக்கிறதா என்று.

ஆனாலும் ஃபெர்மாவின் வழியைக் கைவிடாதீர்கள். அவரே எடுத்துக்காட்டிய எண் 2 027 651 281. அதன் வர்க்கமூலம் 45 029க்குச் சற்று மேல். 45 030இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறினால் பன்னிரண்டாவது முயற்சியில், 45 041இல், மிச்சம் 1020இன் வர்க்கமாக வந்துவிடுகிறது. காரணிகள் 44 021, 46 061. முதன்மை எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் போயிருந்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். காரணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் இந்த வழி மின்னல். தூரமாக இருந்தால் மாட்டுவண்டி. பட்டணத்தில் காசெடுக்கும் இயந்திரத்தின் முன்னாலோ, தொலைபேசியில் வங்கிக்குள் நுழையும்போதோ நமக்குத் தெரியாமல் இந்தக் கணிதத்தின் மீதுதான் நிற்கிறோம். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் இரகசியத் தகவலைக் காக்க அமைத்த கணிதப் பூட்டு, இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கத்தைத் திரும்பப் பிரிப்பது கடினம் என்ற ஒரே நம்பிக்கையில் இயங்குகிறது. அவர்கள் அப்போது சவாலாக விட்ட 129 இலக்க எண் 1994இல்தான் பிரிந்தது; 250 இலக்க எண்ணொன்று 2020இல் பிரிந்தது. இன்று வழக்கத்திலுள்ள பூட்டுகளில் 617 இலக்க எண்கள் இருக்கின்றன. அந்த இரண்டு முதன்மை எண்களையும் யாராவது சோம்பேறித்தனமாக ஒன்றுக்கொன்று மிக அருகில் தேர்ந்தால், முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட ஃபெர்மாவின் வழியே பூட்டைத் திறந்துவிடும்.

ஏழாம் படி: பிரித்ததை வைத்து எண்ணுங்கள்

இப்போது முழுப் பிரிவு:

4 530 456 = 2³ × 3² × 7 × 89 × 101

இது கையில் இருந்தால் எண்ணைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லலாம். மொத்தம் எத்தனை காரணிகள்? ஒரு காரணியை உருவாக்கும்போது 2ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று தடவை எடுக்கலாம்; நான்கு வழி. 3க்கு மூன்று வழி. 7, 89, 101 ஒவ்வொன்றுக்கும் எடுப்பது, விடுவது என இரண்டு வழி. 4 × 3 × 2 × 2 × 2 = 96. ஒவ்வொரு சுட்டியோடும் (2³இல் மேலே நிற்கும் 3 போன்றது) ஒன்றைக் கூட்டிப் பெருக்குவது என்று சூத்திரமாகப் படித்திருந்தால், அந்த ஒன்று எங்கிருந்து வருகிறது என்பது இதுதான்: எடுக்காமல் விடும் வழி.

96 காரணிகளும் 48 சோடிகளாக நிற்கும். அவற்றுள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சோடி எது? 89ஐயும் 101ஐயும் ஆளுக்கொரு பக்கம் நிறுத்தி, 504ஐப் பங்கிட்டுப் பாருங்கள். 101 × 21 = 2121; 89 × 24 = 2136. பெருக்கினால் 4 530 456. வித்தியாசம் வெறும் 15. இந்தத் தொகைக்குத் தென்னங்கன்று வைப்பதென்றால் 2121 வரிசை, வரிசைக்கு 2136 கன்று. தூரத்திலிருந்து பார்ப்பவர் சதுரத் தோட்டம் என்றே சொல்வார். பாசிக்குடா வரை தோட்டம் நீளுமே என்று அக்கா சமையலறையிலிருந்து கேட்டது வேறு விடயம்.

எல்லாக் காரணிகளினதும் கூட்டுத்தொகை வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டாம். (1 + 2 + 4 + 8) × (1 + 3 + 9) × (1 + 7) × (1 + 89) × (1 + 101), அதாவது 15 × 13 × 8 × 90 × 102 = 14 320 800. அதிலிருந்து எண்ணைக் கழித்தால் 9 790 344. தன்னைத் தவிர்த்த காரணிகள் தன்னைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகத் திரண்டுவிட்டன. இப்படிப்பட்டதை மிகை எண் என்பார்கள். சரிசமமாக வந்தால் நிறைவெண்: 6, 28, 496, 8128 ஆகியவை முதல் நான்கு.

இன்னும் ஆசை இருந்தால்

எண்ணைத் துவிதத்தில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து, எழுதலாம்: 10001010010000100011000. மொத்தம் 23 இலக்கங்கள், ஏழு ஒன்றுகள். கடைசியில் மூன்று பூச்சியம் வருவதைப் பாருங்கள். இரண்டாம் படியில் 2 மூன்று தடவை என்று கண்டது இங்கே கண்ணால் தெரிகிறது. பத்தடியில் கடைசிப் பூச்சியங்கள் பத்தைக் காட்டுவதுபோல் துவிதத்தில் அவை இரண்டைக் காட்டும்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? முடியாது. 4ஆல் வகுத்தால் 3 மிஞ்சும் முதன்மை எண் ஒவ்வொன்றும் இரட்டை எண்ணிக்கையில் வந்தால்தான் அது நடக்கும். 3 இரண்டு தடவை வந்து தப்பித்துக்கொள்கிறது. 7 ஒற்றையாக வந்து கெடுத்துவிடுகிறது. ஆனால் நம்முடைய பழைய நண்பன் 8989க்கு அந்தத் தடை இல்லை. 89 = 8² + 5², 101 = 10² + 1². இப்படியான இரண்டைப் பெருக்கினால் பெருக்கமும் அதே வடிவில் வரும் என்பதன் பொதுவடிவை 7ஆம் நூற்றாண்டிலேயே இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர் அறிந்திருந்தார். குறுக்கே பெருக்குங்கள்: 8 × 10 − 5 × 1 = 75; 8 × 1 + 5 × 10 = 58. 75² + 58² = 5625 + 3364 = 8989. குறிகளை மாற்றினால் இன்னொரு வழி: 85² + 42² = 7225 + 1764, அதுவும் 8989. இதைச் சரிபார்த்த நேரத்தில் மெழுகுதிரி முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

உங்கள் முறை

கைவசமுள்ள ஏதாவதொரு பற்றுச்சீட்டை எடுத்துத் தொடங்குங்கள். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம் போன்றவற்றைக் கொப்பியில் எழுதிப் பழக வேண்டாம். கொப்பி எங்கெல்லாமோ போகும். எங்கள் சீட்டுக்கு முந்திய சீட்டு யாரிடம் போயிற்றோ தெரியாது, ஆனால் அதன் இலக்கத்தை அறிவோம்: 4 530 455. ஒன்று குறைந்ததும் ஆள் முற்றிலும் மாறிவிடுகிறது. 5 × 19 × 103 × 463. மொத்தம் 16 காரணிகள் மட்டும். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்கவே முடியாது என்பதால், எங்கள் எண் வைத்திருந்த 2, 3, 7, 89, 101இல் ஒன்றுகூட அதனிடம் இல்லை.

அடுத்த சீட்டு 4 530 457. அதே காரணத்தால் இந்த ஐந்தும் அதையும் வகுக்காது. ஐந்துக்கும் மீதி 1. கடைசி இலக்கம் 7 என்பதால் 5உம் இல்லை. 457 − 530 + 4 = −69, எனவே 11உம் 13உம் இல்லை. வர்க்கமூலம் 2128ஐ ஒட்டி வருகிறது. அதுவரை 319 முதன்மை எண்கள். மருமகள் பள்ளி விட்டு வந்து நாளைக்கு நாலைந்தாக வகுத்துக்கொண்டிருக்கிறாள். 19க்கும் 103க்கும் மீதி 2 வந்தபோது கொஞ்சம் கோபப்பட்டாள். முந்திய சீட்டைத் திரும்பப் பார் என்றேன். நேற்று 113 வரை வந்துவிட்டாள். எதுவும் வகுபடவில்லை. இன்றைக்கு 127.